தேசத்துக்காக மனந்திரும்புகிறவர்கள் தங்கள் பாவத்திலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத நம்பிக்கைக்கும் நாட்டு வாழ்வுக்கும் உள்ள உறவு பற்றி உங்கள் வாசகர் பகுதியில் வந்த இரண்டு கடிதங்களைப் படித்தேன். மனந்திரும்புதல் ஜெப அறையோடு முடிந்துவிட வேண்டிய தனிமனித விஷயம், அதைப் பொதுவாழ்வுக்குள் கொண்டுவருவது ஆபத்து என்கிறார் ஒருவர். நாடு முழுவதும் தேவனுக்கு முன்பாக மனந்திரும்பினால் ஒழிய நமக்கு விடிவில்லை என்கிறார் மற்றவர். நான் கிறிஸ்தவள். பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். எங்கள் சபையில் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு நடத்துகிறேன். இந்த இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாமவர் என் விசுவாசத்தைச் சேர்ந்தவர் என்பதால் அவரிடம் எனக்குச் சொல்ல வேண்டியது அதிகம் இருக்கிறது.

முதலாமவர் லூக்கா சுவிசேஷத்தின் மூன்றாம் அதிகாரத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன். இயேசுவுக்கு முன்னோடியாக வந்த தீர்க்கதரிசி யோவான் ஸ்நானகன் மனந்திரும்பச் சொன்னபோது, ‘நாங்கள் என்ன செய்யவேண்டும்?’ என்று மூன்று கூட்டத்தார் கேட்கிறார்கள். பொதுமக்களிடம், இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்கிறார். வரி வசூலிக்கிறவர்களிடம், விதிக்கப்பட்டதற்கு மேல் வாங்காதீர்கள் என்கிறார். போர்ச்சேவகர்களிடம், ஒருவரையும் துன்புறுத்தாமல், பொய்க் குற்றம் சாட்டாமல், சம்பளமே போதும் என்று இருக்கச் சொல்கிறார். உடுக்கத் துணி, வரி, ஆயுதம் ஏந்தியவனின் நடத்தை: ஒரு நாட்டின் நிர்வாகமே இந்த மூன்று பதில்களில் அடங்கிவிடுகிறது. மூவரில் ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு அழச் சொல்லி அவர் அனுப்பவில்லை. வரி வசூலிப்போரின் தலைவனான சகேயுவும் ஆண்டவர் இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டவுடன், சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னான். இப்படிப்பட்ட மனந்திரும்புதல் நாட்டுக்குள் வந்தால் யாருக்கு ஆபத்து? மிஞ்சி வாங்குகிறவனுக்கு மட்டும்தான்.

இனி எங்கள் பக்கம். தேசத்துக்கான உபவாச ஜெபங்களில் நான் பல ஆண்டுகளாகக் கலந்துகொள்கிறேன். பாவ அறிக்கையிடும் நேரத்தில் வாசிக்கப்படும் பட்டியல் எனக்கு மனப்பாடம். மது, லஞ்சம், விபசாரம், விக்கிரக ஆராதனை, ஆட்சியாளர்களின் பெருமை. எல்லாரும் ‘ஆண்டவரே, மன்னியும்’ என்போம். அந்தப் பாவங்களைச் செய்த ஒருவர்கூட அந்த அறையில் இல்லாததைப் போல இருக்கும். சபைத் தேர்தலில் கைமாறும் பணம், சபைச் சொத்துக்காக ஒருவர்மேல் ஒருவர் போட்டிருக்கும் வழக்குகள், திருமணப் பேச்சு வந்ததும் முதலில் கேட்கப்படும் சாதி ஆகியவை அந்தப் பட்டியலில் இடம்பெற்று நான் கேட்டதில்லை.

இந்தக் கூட்டங்களில் எப்போதும் எடுக்கப்படும் வசனம் இரண்டாம் நாளாகமம் 7:14. ‘என் நாமம் தரிக்கப்பட்ட என் ஜனங்கள்’ தங்களைத் தாழ்த்தி, ஜெபம்பண்ணி, ‘தங்கள் பொல்லாத வழிகளைவிட்டுத் திரும்பினால்’ அவர்கள் தேசத்துக்கு க்ஷேமம் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்கிறார். நிபந்தனை யாருக்கு விதிக்கப்பட்டிருக்கிறது? அவருடைய நாமத்தைச் சுமப்பவர்களுக்கு. அண்டை வீட்டார் திரும்பினால், ஆளுங்கட்சி திரும்பினால் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. இஸ்ரவேலின் ராஜா சாலொமோனுக்குச் சொன்ன இந்த வாக்கை இன்றைய ஒரு நாட்டின்மேல் அப்படியே பொருத்தலாமா என்பது தனிக் கேள்வி. பொருத்துகிறவர்கள் முதல் பாதியையும் சேர்த்துப் பொருத்தட்டும்.

வகுப்பறையில் வரலாற்றிலிருந்து நான் ஒப்பிட்டுக் காட்டும் இரண்டு ஆவணங்கள் உண்டு. இரண்டும் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கனுடையவை. உள்நாட்டுப் போரின் நடுவில், 1863 மார்ச் 30-ஆம் நாள், ஏப்ரல் 30-ஐ நாடு தன்னைத் தாழ்த்தி உபவாசித்து ஜெபிக்கும் நாளாக அறிவித்தார். நாம் தேவனை மறந்துவிட்டோம், வெற்றியில் செருக்குற்றோம், இந்தப் போர் நம் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையாக இருக்கலாம் என்று அந்த அறிவிப்பு சொல்கிறது. உருக்கமான எழுத்துதான். ஆனால் போருக்குக் காரணமான அடிமை முறை அதில் குறிப்பிடப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1865 மார்ச் 4 அன்று, இரண்டாம் முறை பதவியேற்ற உரையில் அவர் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். இரு தரப்பும் ஒரே வேதத்தை வாசிக்கின்றன, ஒரே தேவனிடம் ஜெபிக்கின்றன என்றார். இருநூற்றைம்பது ஆண்டுகள் கூலி கொடுக்காமல் வாங்கிய உழைப்பில் குவிந்த செல்வத்தைப் பற்றிப் பேசினார். குற்றத்தை, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கு மாநிலங்களின் தலையில் மட்டும் கட்டாமல், இந்தப் போர் வடக்குக்கும் தெற்குக்கும் சேர்ந்தே வந்த தீர்ப்பாக இருக்கக்கூடும் என்றார். முதல் அறிவிப்பைக் கேட்ட ஓர் அடிமை உடைமையாளன் மனம் நோகாமல் ஆமென் சொல்லியிருக்க முடியும். இரண்டாவதை அப்படிக் கேட்டிருக்க முடியாது. நம்முடைய தேச ஜெபங்கள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவை.

ஜெர்மனியிலிருந்து இன்னொன்றைச் சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் என்னால் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. 1945 அக்டோபரில், இரண்டாம் உலகப் போர் முடிந்து சில மாதங்களே ஆன நிலையில், ஜெர்மன் புராட்டஸ்டண்ட் சபையின் தலைவர்கள் பதினோரு பேர் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு குற்ற அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். எங்களால் பல மக்களுக்கும் நாடுகளுக்கும் அளவற்ற துன்பம் விளைந்தது. இன்னும் துணிவாய்ச் சாட்சி பகராமலும், இன்னும் உண்மையாய் ஜெபிக்காமலும், இன்னும் ஆழமாய் நேசிக்காமலும் இருந்ததற்காக எங்களையே குற்றம் சாட்டுகிறோம் என்றார்கள். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஹிட்லரை எதிர்த்த போதகர் மார்ட்டின் நீமோலர். 1937-இல் கைதாகி, ஹிட்லர் வீழும் வரை சிறையிலும் வதைமுகாம்களிலும் அடைபட்டிருந்தவர். ‘நான் எதிர்த்தவன், எனக்கு இதில் பங்கில்லை’ என்று சொல்ல அந்த நாட்டில் யாருக்காவது உரிமை இருந்தது என்றால் அது அவருக்குத்தான் இருந்தது. அவர் ‘நாங்கள்’ என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டார். ஊர் ஊராகப் போய் அதைப் பற்றியே பேசினார்.

அந்த அறிக்கையை ஜெர்மானியர்கள் கொண்டாடவில்லை. நகரங்கள் இடிபாடுகளாய்க் கிடந்தன, பசி, குளிர், பிள்ளைகளை இழந்த வீடுகள். குண்டு போட்டவர்கள் தங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்களா, நாம் மட்டும் ஏன் என்று சபை மக்களே கொதித்தார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் எதிராளி அறிக்கையிட்ட பிறகுதான் நான் அறிக்கையிடுவேன் என்பது பேரம். மனந்திரும்புதலில் அதற்கு இடமில்லை. அந்த அறிக்கையில் ஒரு பெரிய குறையும் இருக்கிறது. கொல்லப்பட்ட யூதர்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. உயிரைப் பணயம் வைத்து எதிர்த்தவர்கள் சேர்ந்து எழுதிய அறிக்கையிலேயே மிகப் பெரிய பாவம் விடுபட்டுப் போகும் என்றால், நம் பட்டியல்களை நாம் எவ்வளவு சந்தேகத்தோடு படிக்க வேண்டும்?

சொல்லோடு நின்றுவிடுவது இன்னொரு தப்பித்தல். இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனரிச் சங்கம் ஒன்றுக்குப் பார்படாஸ் தீவில் கரும்புத் தோட்டங்கள் சொந்தமாக இருந்தன. அங்கே உழைத்த அடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயரைக் குறிக்கும் சொல்லைச் சூடுபோட்டிருக்கிறார்கள். அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் வந்தபோது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அந்தப் பணம் உடைமையாளர்களுக்குப் போனது. விடுதலையான மனிதர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அதற்காக வாங்கிய கடன் 2015-இல்தான் முழுவதும் அடைந்தது. திருச்சபையின் பேரவை 2006-இல் மன்னிப்புக் கேட்டது. 2023-இல்தான், தன் பழைய நிதியின் ஒரு பகுதி அடிமை வணிகத்தோடு தொடர்புடையது என்று கண்டறிந்த பிறகு, 10 கோடி பவுண்டு ஒதுக்குவதாக அறிவித்தது. தாமதம்தான், போதாது என்று சொல்கிறவர்களும் உண்டு. இருந்தாலும் சகேயுவின் பாதையில் எடுத்து வைத்த அடி என்று அதை மதிக்கிறேன்.

நம் மண்ணிலும் அப்படி ஒரு காட்சி நடந்தது. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து நூறாண்டு ஆன 2019-இல், பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்ததோடு நிறுத்திக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆயராக அப்போது இருந்த கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி அமிர்தசரஸ் வந்து, நினைவிடத்தின் முன் தரையில் குப்புற விழுந்து வணங்கினார். அரசாங்கத்தின் சார்பில் பேச என்னால் முடியாது, கிறிஸ்துவின் பெயரால் பேச முடியும் என்றார். அரசு செய்யத் தயங்குவதை விசுவாசம் செய்யக்கூடிய இடம் அது. தேச வாழ்வில் மத நம்பிக்கைக்கு என்ன வேலை என்று முதலாமவர் கேட்டதற்கு, இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அதே பேராயர் 2024 நவம்பரில், திருச்சபையோடு தொடர்புடைய ஒருவர் சிறுவர்களையும் இளைஞர்களையும் வதைத்த விவகாரத்தைச் சரியாகக் கையாளவில்லை என்ற விசாரணை அறிக்கையை அடுத்துப் பதவி விலகலை அறிவித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நூறாண்டுக்கு முந்தைய பாவத்துக்காக விழுந்து வணங்குவதைவிட, நம் கண்முன் நடப்பதைத் தட்டிக் கேட்பது கடினம்.

அதனால் எங்கள் கண்முன் நடப்பதையே சொல்கிறேன். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல், சபைக்குள் இருக்கும் சாதி வேறுபாடு உறுதியாகவும் உடனடியாகவும் முடிவாகவும் கைவிடப்பட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அதை ஏற்க மாட்டோம் என்று சபையை விட்டே வெளியேறியவர்கள் இருந்தார்கள். இருநூறு ஆண்டுகள் நெருங்குகின்றன. ஆராதனையில் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் பகிர்ந்து திருவிருந்து வாங்குகிறவர்கள், பெண் எடுக்கவும் கொடுக்கவும் அந்தப் பாத்திரத்தை மறந்துவிடுகிறார்கள்.

இது சபைக்குள் முடிகிற விஷயமும் அல்ல. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. பின்னர் 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். கிறிஸ்தவத்தில் சாதி கிடையாதே என்பது எதிர்த்தரப்பின் வாதம். அந்த வாதத்துக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் யார்? மதம் மாறியும் சாதி எங்களை விடவில்லை என்று பாதிக்கப்பட்டவர்கள் காலம் காலமாகச் சொல்லிவருகிறார்கள். அவர்களை விடாதவர்கள் நாங்களே என்று மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் இன்னும் உரக்கச் சொல்லவில்லை. அரசிடம் நீதி கேட்கும் மனுவில் எங்கள் பாவ அறிக்கையும் முதல் பக்கமாக இணைக்கப்பட வேண்டும். ஓர் அறிக்கை நாட்டின் சட்டத்தையே அசைக்கக்கூடிய இடம் இது.

இரண்டாமவருக்கு இன்னொன்று. நாட்டை ஆளுகிறவர்கள் கிறிஸ்தவர்களாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. ரோமப் பேரரசன் தியோடோசியஸ் கிறிஸ்தவன்தான். 390-ஆம் ஆண்டில் தெசலோனிக்கே மக்களைப் படுகொலை செய்ய வைத்தவனும் அவனே. மிலான் நகர ஆயர் அம்புரோஸ், நீ மனந்திரும்பாதவரை உனக்குத் திருவிருந்து தரமாட்டேன் என்று கடிதம் எழுதினார். பேரரசன் பணிந்து பகிரங்கமாக மனம் வருந்தினான். அம்புரோஸால் அது முடிந்தது, அரசனின் தயவு அவருக்குத் தேவைப்படாததால்தான். பிறன் மனைவியைக் கவர்ந்த ராஜா தாவீதின் முகத்துக்கு நேரே ‘நீயே அந்த மனுஷன்’ என்று சொன்ன தீர்க்கதரிசி நாத்தானும் அப்படித்தான். ஆட்சியாளரோடு மேடையில் அமர்ந்து மாலை வாங்கிக்கொள்கிற போதகருக்கு அந்த வார்த்தை வாயில் வராது. எந்தக் கட்சி ஆண்டாலும் எனக்கு இதே கருத்துதான்.

வேதாகமத்தில் உள்ள யோனாவின் புத்தகத்தில், நகரம் அழியும் என்ற எச்சரிக்கையைக் கேட்ட நினிவே ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கி, துக்கத்துக்கு அடையாளமான இரட்டு உடுத்தி, சாம்பலில் உட்காருகிறான். அவனுடைய கட்டளையில், அவரவர் ‘தம்தம் கைகளிலுள்ள கொடுமையை’ விட்டுத் திரும்ப வேண்டும் என்று இருக்கிறது. அந்த ராஜா கிறிஸ்தவனும் அல்ல, யூதனும் அல்ல. ஆகவே மற்ற மதத்தவரான வாசகர்களும், எந்த மதமும் இல்லாதவர்களும் இந்தக் கடிதத்தைத் தங்களுக்கு வெளியே வைத்துப் படிக்க வேண்டியதில்லை என்று எண்ணுகிறேன்.

சபைகளை நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த தேச ஜெப நாளில் ஆட்சியாளர்களின் பாவங்களை வாசிக்க வேண்டாம். சபைச் சொத்து வழக்குகளின் பட்டியலை வாசியுங்கள். எந்த வழக்கை எந்தத் தேதிக்குள் திரும்பப் பெறுவோம் என்று அங்கேயே தீர்மானம் எழுதுங்கள். சாதியின் பெயரால் பதவியோ கல்லறையில் இடமோ மறுக்கப்பட்ட குடும்பங்களை முன்வரிசைக்கு அழைத்து, அவர்களிடம் நேரடியாக மன்னிப்புக் கேளுங்கள்; அவர்கள் என்ன திருப்பித் தரச் சொல்கிறார்களோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தீர்மானத்தைச் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு, இந்தப் பத்திரிகைக்கும் அனுப்பி வையுங்கள். ஆசிரியர் அதை வெளியிட இடம் தருவார் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர்