இலவு பூக்கும்போது வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று அப்பாவும் நானும் லோதி கார்டனுக்குப் போய்விட்டு வந்தோம். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவர் இவ்வளவு தூரம் நடந்தது இதுதான் முதல் தடவை. மயூர் விஹாரில் பிங்க் லைன் ஏறி, ஐஎன்ஏவில் மாறி, ஜோர் பாகில் இறங்கினோம். ஆட்டோ பிடிக்கலாம் என்றேன், வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் போனோம். ஆனால் போய்ச் சேர்ந்தோம்.

மார்ச் முதல் வாரம் டில்லி எப்படி இருக்கும் என்று உனக்கு மறந்தே போயிருக்கும். காலையில் போட்டுக்கொண்டு கிளம்பிய ஸ்வெட்டர் பத்து மணிக்குக் கையில் தொங்குகிறது. அரசமரம் பழுத்த இலையைக் கொட்டிக்கொண்டிருக்கிறது. இலவ மரத்தில் பேருக்கு ஓர் இலை இல்லை, கிளை முழுக்கச் சிவப்புப் பூ. பூ விழுந்தால் தொப்பென்று சத்தம் கேட்கிறது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கை நிறைய ஐந்து இதழ், தோல் மாதிரி தடிமன், அடியில் சின்னக் கிண்ணம் போல ஒரு பச்சைக் குப்பி. உள்ளே விரல் விட்டால் ஈரம், பிசுபிசுப்பு.

மேலே பச்சைக்கிளிக் கூட்டம் ஒரே கூச்சல். மூன்றாம் வகுப்பில் 'இலவு காத்த கிளி' பாடம் நடத்திய அன்று வீட்டுக்கு வந்து என்ன கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "அந்தக் கிளிக்கு வேற மரமே கிடைக்கலையாம்மா?" அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நேற்று கண்ணால் பார்த்தேன். கிளி காய்க்காகக் காத்திருக்கவே இல்லை. பூக்கிற காலத்திலேயே வந்து, பூவுக்குள் மூக்கை விட்டுத் தேனைக் குடித்து, இதழையும் கிழித்துப் போடுகிறது. காய் வெடித்துப் பஞ்சாய்ப் பறக்கும்போது அதற்கென்ன கவலை?

அப்புறம் டில்லி சுல்தான் சிக்கந்தர் லோதியின் சமாதி. நாலு பக்கமும் உயர்ந்த மதில், நடுவில் எண்கோணக் கட்டடம், சுற்றிப் புல்தரை. நாம் லோதி காலனி குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ அந்த மதிலை ஒட்டி ஓடுவாய், அப்பா பின்னாலேயே எண்ணிக்கொண்டு வருவார். சிக்கந்தர் 1517இல் ஆக்ராவில் இறந்தார், மகன் இப்ராஹிம் அவருக்காக இங்கே கட்டியது. ஹுமாயூன் சமாதிக்கு அரை நூற்றாண்டு முன்பே மதில் எழுப்பித் தோட்டத்துக்குள் வைத்த சமாதி இது. அப்பாவுக்கு இப்படி ஓர் இடம் பண்ணிக் கொடுத்த பிள்ளை 1526இல் பாபரோடு சண்டையிட்டு பானிபட்டில் செத்து, அங்கேயே புதைக்கப்பட்டான். நேற்று அந்தப் புல்லில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவனைத்தான் நினைக்கத் தோன்றியது.

இந்த இடமெல்லாம் முன்பு கைர்பூர் என்ற கிராமம். அந்த ஜனங்களைக் கிளப்பிவிட்டு 1936இல் பூங்காவாக்கி, வைஸ்ராய் மனைவி பெயரில் லேடி வில்லிங்டன் பார்க் என்று வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் லோதி கார்டன். எனக்கு உயிரான தோட்டம்தான், ஆனாலும் இதை நினைத்தால் மனசு உறுத்தும். அப்பா ரிடையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணின அன்று நான் எப்படி அழுதேன் என்று உனக்குத் தெரியும். அதுவாவது சர்க்கார் வீடு, போகவேண்டியதுதான். அவர்களுக்குச் சொந்த ஊர்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ எப்போதும் டிசம்பரில் வருகிறாய். பனிமூட்டத்தில் ஃபிளைட் லேட், குட்டிக்கு இருமல், ஜன்னலைச் சாத்தி ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். போன தடவை பன்னிரண்டு நாளில் அவன் வெளியே போனது இரண்டே தடவை. டில்லி என்றால் புகை என்று வீடியோ காலில் சொல்கிறான். உன்னை வளர்த்த ஊரை அவன் அப்படிச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் ஒன்டாரியோவில் மார்ச் நடுவில் ஒரு வாரம் ஸ்கூல் லீவு விடுகிறார்களே, அடுத்த வருஷம் அதற்கு வா. கிறிஸ்துமஸ் லீவு அளவுக்கு நாள் கிடைக்காது என்று தெரியும். ஒரு வாரம் போதும். பூ பாதி உதிர்ந்திருக்கும், அதனால் என்ன, கீழே கிடப்பதைப் பொறுக்கத்தானே அவனுக்குப் பிடிக்கும். உன் அறையை இப்போதே ஒழித்து வைத்துவிடுவேன்.

மாப்பிள்ளையிடம் பேசிவிட்டு, டிக்கெட் விலை ஏறுவதற்குள் தேதி சொல்லு. நீ வருவதற்குள் ஜோர் பாகிலிருந்து ஓர் இடத்திலும் உட்காராமல் நடந்து காட்டுகிறேன் என்று அப்பா சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா