சான்சிபாருக்குப் போகும் மலருக்கு

அன்புள்ள முருகா,

உன் கடிதம் கிடைத்தது. மலர் எட்டு வாரம் சுவாஹிலி மொழி படிக்க, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாருக்குப் போகிறாளா? இடத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். 1930-இல் அமைந்த மொழிக்குழு பொதுச் சுவாஹிலிக்கு அடிப்படையாகக் கொண்டது சான்சிபார் நகரத்துப் பேச்சைத்தான். 2023-இல் சென்னை ஐ.ஐ.டி. அங்கே வளாகம் திறந்துவிட்டதால் நம்மவர்களும் இருப்பார்கள். அவர்களோடே சுற்றினால் மொழி வராது, அதை மட்டும் சொல்லிவை.

இலக்கணம் கடினமா என்று கேட்டிருந்தாய். நமக்குக் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. 'சமைப்பேன்' என்பதில் வினை, காலம், ஆள் என்று வரிசை. அங்கே 'நி-டா-பிக்கா': ஆள், காலம், வினை. நாம் கடைசி அசைக்குக் காத்திருந்து பழகியவர்கள். அங்கே முதல் அசையைத் தவறவிட்டால் யார், எப்போது எல்லாம் போச்சு.

அதைவிடப் பெரிய தொல்லை நாக்கு. 'பிக்கா' (pika) என்றால் சமை, 'பிகா' (piga) என்றால் அடி. சொல்லின் நடுவில் வரும் ஒற்றைக் ககரத்தை நாம் தானாகவே மெலித்துவிடுவோம். "மீன் சமைக்கிறேன்" என்று சொல்ல நினைத்தவள் மீனை அடித்துவிடுவாள். அப்பா 'பாபா' (baba), சுறா 'பாப்பா' (papa). இதிலும் அதே வம்பு. சுவாஹிலியை ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். அதையே நேராகப் படிக்கட்டும், குறிப்பேட்டில் தமிழில் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டாம்.

கடிகாரத்திலும் ஏமாறக் கூடாது. நம் நாழிகைக் கணக்கு போல அங்கேயும் பொழுது விடிந்துதான் எண்ணத் தொடங்குவார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கமாதலால் ஆண்டு முழுக்க ஆறு, ஆறரைக்குள் விடிந்துவிடும், கணக்கு பிசகாது. காலை ஏழு 'ஸா மோஜா', அதாவது ஒன்று. ஒன்பது 'ஸா டட்டு', மூன்று. சின்ன முள்ளுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் படித்தால் போதும். ஆனால் வெளியூர்க்காரர் என்று தெரிந்தால் சிலர் அவர்களே ஆறு மணியைக் கூட்டிச் சொல்லிவிடுவார்கள். அதன்மேல் இவளும் கூட்டினால் வண்டி போய்விடும். காலையா மாலையா, எந்தக் கணக்கு என்று ஒவ்வொரு முறையும் கேட்கட்டும்.

தங்கும் வீட்டில் அடுப்படிப் பக்கம் உட்காரச் சொல். தேங்காய் துருவும் குட்டைப் பலகைக்கு 'ம்புஸி' என்று பேர். ஆட்டுக்கும் அதுதான் சொல். ஊறவைத்த அரிசியைத் தேங்காய்ப்பால் விட்டு அரைத்து, சர்க்கரை, ஏலக்காய், ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவிட்டு, குழிச்சட்டியில் எண்ணெய் விட்டுச் சுடுவார்கள். நம் பணியாரமேதான். மாவு பொங்குமுன் ஊற்றினால் நடுவில் களியாக நிற்கும். அதற்குப் பேர் 'கிட்டும்புவா'. ஒன்று என்றால் 'கிட்டும்புவா கிமோஜா', இரண்டு என்றால் 'விட்டும்புவா விவிலி'. முன்னொட்டு எண்ணிலும் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்! பெயர்ச்சொற்களை இப்படி ஒருமை பன்மை ஜோடியாகவே படிக்க வேண்டும்.

பெரியவர்களைக் கண்டால் 'ஷிகமோ' என்று வணக்கம் சொல்லணும். அவர்கள் 'மரஹபா' என்பார்கள். சம வயதுக்காரரிடம் அது வேண்டாம். கடையில் நலம் விசாரிக்காமல் விலை கேட்டால் முகம் சுளிப்பார்கள். அடுத்த வீட்டு வாசலில் 'ஹோடி', அதாவது 'உள்ளே வரலாமா' என்று மூன்று தடவை கேட்கணும். பதில் இல்லையென்றால் திரும்பிவிடணும்.

2024 அக்டோபரிலிருந்து சான்சிபாருக்கென்று தனியாக 44 டாலர் பயணக் காப்பீடு எடுக்கவேண்டியிருக்கிறது. இந்தியில் போலவே அங்கேயும் காப்பீட்டுக்குப் பேர் 'பீமா'தான்.

புறப்படும் தேதி தெரிந்ததும் எழுது. உன் முழங்கால் வலி இப்போது எப்படி?

உன்,
ராஜன்