பன்னிரண்டு மூலைக் குற்றி

ஸ்காபரோ, கனடா
மாசி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் தங்கச்சி வீட்டாரும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போன கிழமை அனுப்பிய காசு கிடைத்ததாக அம்மா சொன்னா. போனில் கதைத்தால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை. இந்த விசயத்தை அம்மா மூலம் சொல்லி அனுப்பவும் எனக்கு மனம் வரவில்லை. இது பழைய காசுக் குற்றிகளைப் பற்றிய கதை, சுன்னாகத்துக் கடையில் நீங்களும் நானும் இருந்து கதைக்க வேண்டிய கதை. அதனால்தான் கடிதம்.

குளிர் இன்னும் விடவில்லை. கால் இரண்டு சோடி மேசுக்குள்ளும் விறைக்கிறது. ஆனால் பழகிவிட்டது.

வேலை அதே பலசரக்குக் கடையில்தான், மார்க்கம் ரோடும் எக்லிங்டனும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட. பின்னேரம் மூன்று மணியிலிருந்து இரவு பதினொன்று வரைக்கும் காசு மெசினுக்கு முன்னால் நிற்பேன். கனபேர் வங்கி அட்டையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். காசு கொண்டு வருகிறவர்கள் வயதானவர்கள், புதிதாக வந்தவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். இந்த நாட்டில் 1 சதக் குற்றி இப்போது இல்லை. 2012இல் அடிப்பதை நிறுத்தி, 2013 மாசியில் வங்கிகளுக்குக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள். காசாகத் தந்தால் கணக்கை 5 சதத்துக்குச் சரிக்கட்ட வேண்டும். 12 சதம் வந்தால் 10, 13 சதம் வந்தால் 15. அட்டையில் தந்தால் மட்டும் கணக்கு அப்படியே. முதல் மாதம் இதில் எனக்குத் தடுமாற்றம். இப்போது கை தானாகச் செய்கிறது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். போன வருசம் ஐப்பசியில் ஒரு இரவு 25 சதக் குற்றிகள் முடிந்துவிட்டன. கடதாசியில் சுற்றி வருகிற கட்டு ஒன்றில் 40 குற்றி இருக்கும், 10 டொலர். அதைக் காசு மெசின் லாச்சியின் விளிம்பில் தட்டி உடைத்துக் கொட்டினேன். கொட்டுகிற சத்தத்துக்குள் ஒரு சத்தம் மட்டும் வேறு மாதிரிக் கேட்டது. மற்றதெல்லாம் தகரம் மாதிரிக் கடகடக்க, ஒன்று மட்டும் மணி மாதிரி நீண்டு ஒலித்தது. நீங்கள் கடை மேசைக் கல்லில் காசைப் போட்டுக் காட்டி, "கண்ணை மூடிக்கொண்டு கேள்" என்பீர்களே, அதே ஒலி. எனக்கு அப்போது ஒன்பது வயது. முப்பது வருசம் கழித்து அந்தக் காது எனக்கு வேலை செய்தது அப்பா.

எடுத்துப் பார்த்தேன். 1962ஆம் ஆண்டுக் குற்றி. ஒரு பக்கம் இளவயது இராணி, மறுபக்கம் கொம்பு வைத்த கரிபூ மானின் தலை. 1920இலிருந்து 1966 வரைக்கும் இங்கே அடித்த 10 சதம், 25 சதம் எல்லாம் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 1967இலேயே வெள்ளியைக் குறைக்கத் தொடங்கி, 1968இல் முழுதாக நிறுத்தி நிக்கலுக்கு மாறிவிட்டார்கள். 25 சதத்துக்குள் நாலரைக் கிராமுக்கு மேல் வெள்ளி. அதைக் கொடுத்து ஆரோ ஒரு பாண் வாங்கியிருக்கிறார்கள்.

உடனே எடுத்துப் பொக்கற்றுக்குள் போடவில்லை. அது கடைக் காசு. மனேஜர் அம்மாவிடம் காட்டிக் கேட்டேன். வேலை முடிந்து லாச்சியை எண்ணுகிற நேரத்தில், தன் கண் முன்னால், அதே பெறுமதிக்கு என் காசை வைத்துவிட்டு எடுக்கலாம், வேலைக்கு நடுவில் கூடாது என்றா. நியாயமான பேச்சு. அன்றிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். ஆராவது வரிசையில் நிற்கும்போது குற்றியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் இல்லை. சந்தேகம் வந்தால் லாச்சியின் மூலையில் ஒதுக்கிவிடுவேன்.

வீட்டில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருக்கிறேன். நிக்கல் குற்றியும், 2000க்குப் பிறகு வந்த இரும்புக் குற்றியும் காந்தத்தில் ஒட்டும். வெள்ளி ஒட்டாது. ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளியும் இல்லை. அமெரிக்கக் குற்றிகள் இங்கே தாராளமாகக் கலந்து வரும், அவையும் ஒட்டாது. அதனால் முதலில் ஆண்டைப் பார்க்க வேண்டும், பிறகு விளிம்பைப் பார்க்க வேண்டும், கடைசியில்தான் காந்தம்.

லாச்சிக்குள் எனக்கு மிகவும் பிடித்தது விலை போகிற குற்றிகள் இல்லை. ஒரே இராணி நாலு வயதில் இருக்கிறா. 1953இல் முடியில் இலைமாலையோடு சின்னப் பெண். 1965இல் சின்னக் கிரீடம் வைத்த நடுவயது. 1990இல் பெரிய கிரீடமும் கழுத்து மாலையும். 2003இல் கிரீடமே இல்லாத கிழவி. இப்போது மகன் சார்ள்ஸின் தலையும் வந்துவிட்டது. சில நாள் ஒரு கைப்பிடிச் சில்லறைக்குள் அவ்வளவு பேரும் இருப்பார்கள். 2022இல் அவ இறந்த பிறகு 2 டொலர்க் குற்றியின் வெளிவளையத்தைக் கறுப்பாக்கி அடித்தார்கள். துக்கத்துக்குக் கறுப்புத் துணி கட்டுகிற மாதிரி. அதில் ஒன்று என்னிடம் இருக்கிறது.

பழைய தாள்களும் வரும். இங்கே 1 டொலர்த் தாளை 1989இலும் 2 டொலர்த் தாளை 1996இலும் நிறுத்திவிட்டார்கள், இரண்டும் இப்போது குற்றிதான். 2021 தை முதலாம் திகதியிலிருந்து அந்தத் தாள்கள் சட்டப்படி செல்லாது. கனடா மத்திய வங்கி மட்டும் அதே பெறுமதிக்கு மாற்றித் தரும். மார்கழியில் ஒரு வயதான அம்மா பால் வாங்கிவிட்டு ஒரு 2 டொலர்த் தாளை நீட்டினா. செம்மண் நிறம், பின்னால் ரொபின் குருவிகள். மெசினுக்குள் போட முடியாது. அவவுக்குப் பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள், அவவின் பணப்பைக்குள் வேறு காசு இல்லை. என் பொக்கற்றிலிருந்து 2 டொலர்க் குற்றியை எடுத்து வைத்துவிட்டு, "இதை நீங்களே வைத்திருங்கள்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவ வாங்கவில்லை. "கடன் வேண்டாம், மாற்றிக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. அது இப்போது என் புத்தகத்துக்குள் இருக்கிறது. அந்த 1986ஆம் ஆண்டு வரிசைத் தாள்கள் எல்லாவற்றிலும் பறவைகள்தான், 5 டொலரில் மீன்கொத்தி, 50இல் வெள்ளை ஆந்தை. இவ்வளவு வடிவான காசை ஏன் நிறுத்தினார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஆனால் காசு பார்க்கிற கண் இருந்தால் மனத்துக்குக் கஷ்டமும் வரும் அப்பா. தையில் ஒரு பெடியன் வந்தான், பன்னிரண்டு வயது இருக்கும். இரண்டு பைக்கற் சிப்சும் ஒரு சோடாவும் வாங்கிவிட்டு ஒரு துணிப்பையைக் கொட்டினான். எல்லாம் 1967ஆம் ஆண்டுக் குற்றிகள். கனடாவின் நூறாவது ஆண்டுக்கு அந்த ஒரு வருசம் மட்டும் குற்றிகளில் விலங்குகளை அடித்தார்கள். 5 சதத்தில் முயல், 10 சதத்தில் நம் கும்பளா மாதிரி ஒரு மீன், 25 சதத்தில் காட்டுப்பூனை, 50 சதத்தில் ஊளையிடுகிற ஓநாய், 1 டொலரில் பறக்கிற பெரிய வாத்து. அந்த வாத்துக் குற்றி உள்ளங்கையில் வைத்தாலே கனக்கும், வெள்ளி. இது ஒரு பிள்ளையின் கைக்காசு இல்லை, வீட்டில் ஆரோ ஐம்பது வருசமாகச் சேர்த்து வைத்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. நான் வாங்கிப் போட்டிருந்தால் இரவு என் காசை வைத்து எடுத்திருக்கலாம், சட்டத்தில் பிழை இல்லை. கை போகவில்லை. குற்றிகளைத் திரும்பப் பைக்குள் போட்டுக் கட்டி, சிப்சுக்கு நான் காசு வைத்துவிட்டு, "இதை வீட்டில் பெரிய ஆக்களிடம் கொண்டுபோய்க் காட்டு" என்று அனுப்பினேன்.

இரண்டு கிழமை ஒருவரும் வரவில்லை. பிறகு அந்தப் பெடியன் பாட்டியோடு வந்தான். அவனுடைய தாத்தா சேர்த்தவையாம், தாத்தா இப்போது இல்லை. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றா. என்னிடம் வருவதற்கு முன்பே வேறு எங்கோ இரண்டு குற்றியை அவன் செலவழித்துவிட்டான், ஒரு மீனும் ஒரு காட்டுப்பூனையும். மீனை நான் போன கிழமை ஒரு 10 சதக் கட்டுக்குள் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன். காட்டுப்பூனை இன்னும் வரவில்லை. ஒவ்வொரு கட்டு உடைக்கும்போதும் அதைத்தான் தேடுகிறேன்.

இனி உங்களுடைய விசயம். அந்த மீனைத் தேடின நேரத்தில் பன்னிரண்டு மூலை உள்ள ஒரு 5 சதக் குற்றி கிடைத்தது. 1942இலிருந்து 1962 வரைக்கும் இங்கே 5 சதம் அப்படித்தான். ஒரு பக்கம் பீவர் என்கிற விலங்கு, மறுபக்கம் ஆறாம் ஜோர்ஜ் அரசர். ஆண்டு 1947. அந்த எண்ணுக்குப் பக்கத்தில், கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற அளவில், ஒரு சின்ன மேப்பிள் இலை. அந்த இலைக்கு ஒரு கதை உண்டு. அரசரின் தலையைச் சுற்றி "இந்தியாவின் பேரரசர்" என்று இலத்தீனில் சுருக்கி எழுதியிருக்கும். 1947இல் இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்ததும் அந்தச் சொல்லை எடுக்க வேண்டி வந்தது. புதிய அச்சு இலண்டனிலிருந்து வந்துசேரத் தாமதம். குற்றிக்கோ தட்டுப்பாடு. அதனால் 1948இலும் பழைய அச்சிலேயே 1947 என்று அடித்து, வித்தியாசம் தெரிவதற்கு ஒரு இலையைச் சேர்த்தார்கள். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருசத்தில் அடித்த குற்றி அப்பா, இந்தியா கைவிட்டுப்போன பிறகும் பேரரசர் என்று எழுதின குற்றி. பெரிய விலை இல்லை. எனக்கு அது கையை விட்டுப் போகவே இல்லை.

அதைப் பார்த்தவுடன் உங்கள் பால்மா ரின்தான் நினைவுக்கு வந்தது. அதற்குள் இருந்த சதுர 5 சதங்கள், இதே ஜோர்ஜ் அரசரின் தலை. பூவிதழ் மாதிரி விளிம்பு வைத்த 10 சதங்கள். 1995 ஐப்பசி 30 இரவு ஊரோடு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்துக்குப் போகிறதுக்கு முன்னால் அதைக் கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தீர்கள். திரும்பி வந்து மூன்று இடத்தில் கிண்டிப் பார்த்தீர்கள். நான் மண்வெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் குழியை மூடினது எனக்கு இன்றைக்கும் தெரியும்.

இங்கே பழைய காசு விற்கிற கடை ஒன்றில் வெளிநாட்டுக் குற்றிகளை ஒரு தட்டில் குவித்து வைத்திருப்பார்கள். போன ஞாயிறு ஒரு மணித்தியாலம் அதைக் கிளறினேன். அடியில் கிடந்தது, 1944ஆம் ஆண்டு, சதுரம், மஞ்சள் பித்தளை, ஒரு மூலை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. உங்களுடையது இல்லை என்று தெரியும். ஆனாலும் வாங்கினேன்.

மாமியின் மகன் நல்லூர்த் தேருக்கு ஊருக்கு வருகிறான். இரண்டையும் ஒரு கடிதவுறையில் போட்டு அவனிடம் தந்துவிடுகிறேன், பன்னிரண்டு மூலையும் நாலு மூலையும். கிடைத்ததும் கல்லில் போட்டுப் பாருங்கள். நிக்கலும் பித்தளையும் எப்படி ஒலிக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். தங்கச்சியின் மூத்தவனையும் பக்கத்தில் இருத்திக் கண்ணை மூடச் சொல்லுங்கள். அம்மாவிடம் மறக்காமல் சொல்லுங்கள், மாமியின் மகனிடம் கொஞ்சம் எலுமிச்சங்காய் ஊறுகாய் கொடுத்துவிடட்டும். போத்தலை நன்றாக இறுக்கிக் கட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்