குரூஸ் கண்ட்ரோல் கோளாறும் ஓட்டுநர் மீது சுமத்தப்படும் பழியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லாரிகளின் குரூஸ் கண்ட்ரோல் (ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வந்த கட்டுரையில், "குரூஸ் தானாக விட்டுவிடுகிறது என்று பணிமனைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு எதுவும் இருப்பதில்லை, ஓட்டுநர் தம்மை அறியாமல் பிரேக் பெடலில் கால் வைப்பதே காரணம்" என்றொரு வரி இருந்தது. அதைப் படித்தது முதல் மனம் ஆறவில்லை. ஏர் பிரேக் பற்றியும் டயர் பற்றியும் தாங்கள் வெளியிட்ட பக்கங்களை எங்கள் ஓட்டுநர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்ன நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

தங்களுக்குத் தெரியாதது அல்ல. இன்றைய லாரிகள் பலவற்றில் பிரேக் மிதிக்கப்பட்டதா என்பதை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. ஒரே சிக்னலை நம்பி முடிவு செய்வதில்லை. பிரேக் சுவிட்சில் ஒரு மின்தொடர்பு மூடும்போது இன்னொன்று திறக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் ஏதோ தவறு என்று கருதி அது குரூஸை விடுவித்துவிடும். பிரேக்கை மிதித்தும் வண்டி வேகத்தைப் பிடித்துக்கொண்டே ஓடினால் என்ன ஆகும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தச் சுவிட்ச் ஓட்டுநரின் காலடியில், தூசியும் ஈரமும் ஓயாத அதிர்வும் உள்ள இடத்தில் இருக்கிறது. காற்றழுத்தத்தில் இயங்கும் சுவிட்சாக இருந்தால், ஏர் டேங்க்கில் சேரும் தண்ணீரும் கம்பிரசர் எண்ணெயும் அதுவரை போய்ச் சேரக்கூடும். இவ்வளவையும் விட்டுவிட்டு, முதல் சந்தேகத்தை ஓட்டுநரின் கால்மீது வைப்பது எந்த வகையில் நியாயம்?

எங்கள் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். நாமக்கல்லிலிருந்து நாக்பூர் வரை 44ஆம் தேசிய நெடுஞ்சாலையில் ஓடும் பி.எஸ். 6 (புகை மாசு விதியின் ஆறாம் கட்டம்) லாரி அது. தொப்பூர் இறக்கத்தில் எங்கள் ஓட்டுநர்கள் குரூஸைத் தொடவே மாட்டார்கள். ஆனால் ஆந்திர எல்லையைத் தாண்டி நேர்சாலையில் மணிக்கணக்காக ஓட்டும்போது காலுக்கு அது எவ்வளவு ஓய்வு என்பது ஓட்டியவருக்குத்தான் தெரியும். அந்த வண்டியில் குரூஸ் போட்டால் சிறிது தூரம் வேலை செய்யும், பிறகு தானாக விட்டுவிடும். பணிமனையில் வண்டியை நிறுத்திவைத்து ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். கோடு (பழுதைக் குறிக்கும் குறியீட்டு எண்) எதுவும் இல்லை, ஓட்டுநருக்குப் பழக்கம் போதவில்லை என்றார்கள். அடுத்த முறை ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான் தொகுதியை மாற்றிப் பணம் வாங்கினார்கள். அதற்கும் சரியாகாதபோது இ.சி.யு.வையே மாற்ற வேண்டியிருக்கலாம் என்றார்கள். எங்களிடம் நெடுங்காலமாக இருக்கும் அந்த ஓட்டுநர், "என் காலையே சந்தேகப்படறாங்கன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருங்கண்ணா" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

கோளாறைக் கண்டுபிடித்தது பணிமனை அல்ல. பின்னால் வந்த வேறொரு லாரிக்காரர், சாப்பிட நிறுத்திய இடத்தில், "மேடுபள்ளத்துல உங்க ஸ்டாப் லைட்டு சும்மாவே மினுக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் பெடலுக்கு அடியில் படுத்துப் பார்த்ததில், பிரேக் சுவிட்சைப் பிடித்திருந்த நட்டு தளர்ந்திருந்தது, கனெக்டரில் பச்சை பூத்திருந்தது. சாலை குலுங்கும்போதெல்லாம் ஒரு நொடி பிரேக் மிதிக்கப்பட்டதாக இ.சி.யு.வுக்குச் செய்தி போயிருக்கிறது. நின்ற வண்டியில் ஸ்கேனர் எதைக் காட்டும்? அந்த நட்டை முடுக்கி, சுவிட்சையும் கனெக்டரையும் மாற்றிய பிறகு அந்த வண்டியில் குரூஸ் தானாக விட்டதே இல்லை. இதற்கு ஆன செலவு, தேவையில்லாமல் மாற்றப்பட்ட பொத்தான் தொகுதியின் விலைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

இதை வெறும் வசதிக் குறைவாகத் தங்கள் கட்டுரையாளர் கருதியிருக்கலாம். அப்படி அல்ல. அதே சுவிட்ச் வேறு விதமாகப் பழுதானால், பிரேக் பிடித்தும் ஸ்டாப் லைட் எரியாது. இரவில் பாரத்தோடு பின்னால் வருபவர் என்ன செய்வார்? அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் இத்தகைய ஒரு சுவிட்சுக்காகவே 2005 ஜனவரியில் எஃப்-150 பிக்அப் உள்ளிட்ட ஏறத்தாழ 8 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2009க்குள் பல கட்டங்களாக அந்த எண்ணிக்கை 1.4 கோடியைத் தாண்டியது. பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கிய குரூஸ் விடுவிப்புச் சுவிட்சின் மெல்லிய படலம் விரிசல் விட்டு, எண்ணெய் மின்தொடர்புக்குள் கசிந்து, சாவி எடுத்து நிறுத்திய வண்டிகூடத் தீப்பிடித்தது. அங்கே யாரும் ஓட்டுநரின் காலைக் காரணம் சொல்லி முடித்துவிடவில்லை. நமது லாரியில் எண்ணெய்க்குப் பதில் காற்று என்பதால் அதே கோளாறு இங்கே வராது என்பதை அறிவேன். ஆனால் ஒரு சிறு சுவிட்சை எவ்வளவு மதித்துச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வருத்தம் இந்த ஒரு வரியோடு நிற்கவில்லை. பி.எஸ். 6 வந்த 2020 முதல் இதே கதைதான். சென்சார் பழுதாகி எஞ்சின் இழுவை குறைந்தால், புகை மாசைக் குறைக்கும் யூரியாக் கரைசலை ஓட்டுநர் மட்டமானதாக ஊற்றியிருப்பார் என்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் விளக்கு எரிந்தால், எங்கேயோ இடித்திருப்பார் என்கிறார்கள். வண்டியோடு எங்களுக்குத் தந்த கையேட்டில் தமிழ் ஒரு வரி இல்லை. விளக்கமும் தராமல், அறியாமைக்குப் பழியையும் அவர் தலையிலேயே வைத்தால் அவர் எங்கே போவார்? அந்தப் பழிக்குத் தங்கள் இதழும் துணைபோனதுதான் என்னை அதிகம் நோகச் செய்தது.

நான் கேட்பது அதிகம் இல்லை. அந்த வரியைத் திருத்தி, சோதிக்க வேண்டிய முறையை அரைப்பக்கத்தில் தமிழில் வெளியிடுங்கள். முதலில் ஸ்டாப் லைட் ஃபியூஸ். பிறகு ஒருவர் பின்னால் நிற்க, மற்றவர் பெடலை மெதுவாக மிதித்து விட்டுப் பார்ப்பது. அடுத்து சுவிட்சின் பிடிமானமும் கனெக்டரும். ஒயரை அசைத்தபடியும், இன்னொருவர் வண்டியை ஓட்டும்போதும் ஸ்கேனரில் பிரேக் சிக்னலைக் கவனிப்பது. அதன் பின் கிளட்ச் சுவிட்ச், வேக சென்சார், ஏ.பி.எஸ்.; இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே ஸ்டியரிங் பொத்தானும் இ.சி.யு.வும். பி0571 அல்லது பி0504 என்ற கோடு வந்தால் அது பிரேக் சுவிட்சைக் குறிக்கிறது என்பதையும், கோடு வராததால் மட்டும் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் தவறாமல் சேருங்கள். கட்டமிட்டு அச்சிட்டால் ஓட்டுநர்கள் வெட்டியெடுத்துக் கேபினில் ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர் ஒருவர்,
நாமக்கல்.