படகுக் கரையைக் ‘காலி மணல்’ எனக் குறித்திருப்பதைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
திருவொற்றியூர் முதல் எண்ணூர் முகத்துவாரம் வரையுள்ள குப்பங்களின் மீனவ மக்கள், வட சென்னை.

பெறுநர்:
கடலோர வரைபடத் திருத்தப் பணிக்கான உயர் அலுவலர் அவர்கள், சென்னை.

பொருள்: மீனவக் குடியிருப்புகளையும் படகு ஏற்றும் கரைகளையும் வரைபடத்தில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்பு அளித்த மனுக்கள். ஒப்புகைச் சீட்டு வந்தது, பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் இந்தக் கரையை நன்கு அறிந்தவர். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையும், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் தூரும் மணலும் தாங்கள் காணாதவை அல்ல. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

எங்களுக்குக் காட்டப்பட்ட கடலோர வரைபட வரைவில் சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி ஆகிய மூன்று துறைமுகங்களும் அலைதடுப்புச் சுவர், கப்பல் வரும் கால்வாய் வரை குறையில்லாமல் இருக்கின்றன. மகிழ்ச்சி. அவற்றுக்கு நடுவே உள்ள ஊர்களின் நிலையைத் தயவுகூர்ந்து பாருங்கள்.

1. ஊர்ப் பெயர்கள். 2011-இல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மாநகராட்சியோடு சேர்ந்தபின் தாளில் வார்டு எண்தான் மிஞ்சியது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், எண்ணூர் குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சின்னக்குப்பம், பெரியகுப்பம் எல்லாம் தனித்தனி ஊர்கள். வரைவில் அத்தனைக்கும் சேர்த்துக் ‘கத்திவாக்கம்’ என்று ஒரே பெயர். தனித்தனியே எழுத வேண்டுகிறோம்.

2. படகுக் கரை. எங்கள் தலையாய குறை இதுதான். வீடுகள் மட்டும் குடியிருப்பாக வந்துள்ளன. வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் உள்ள இடம் முழுவதும் ‘காலி மணல்’ என்று இருக்கிறது. அது காலி இல்லை, ஐயா.

ஒரு ஃபைபர் படகு 28 முதல் 32 அடி நீளம், 6 முதல் 7 அடி அகலம். பக்கத்தில் ஆள் நடந்து வலை இறக்க இடம் விட்டால் ஒரு படகுக்கு 3 மீட்டர் அகலம் வேண்டும். படகுக்குப் பின்னால் வலையை விரித்து மீன் கழற்றவும், கிழிசல் பார்க்கவும் இன்னும் 15 மீட்டர். ஆக, 20 படகு வரிசையாக நிற்க 60 மீட்டர் நீளமும் 25 மீட்டர் ஆழமும் உள்ள கரை தேவை. 1:25,000 அளவு வரைபடத்தில் இந்த 25 மீட்டர் ஒரே ஒரு மில்லிமீட்டர்! பேனா முனையே அதை மூடிவிடும். 1:4,000 அளவில் போட்டால் 15 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் கட்டமாகத் தெளிவாகத் தெரியும்.

செயற்கைக்கோள் படத்தில் எதுவும் தெரியவில்லை என்று சொல்கிறார்கள். எப்படித் தெரியும்? சென்டினல்-2 என்னும் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு படகு அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் வெளுத்த மணல். கணினி அதை மணல் என்றே எழுதும். விரித்த வலை அதன் கண்ணில் படவே படாது.

கள ஆய்வும் நடந்ததாம். கார்த்திகை அடைமழையில் வந்து பார்த்தால் எந்தக் கரையில் கருவாடு காயும்? புயல் கூண்டு ஏற்றிய நாளில் வந்தால் படகெல்லாம் தெருவுக்குள் ஏறியிருக்கும், கரை வெறிச்சென்றுதான் இருக்கும். நெத்திலியும் காரப்பொடி மீனும் நல்ல வெயிலில் மேட்டு மணலில் காய வேண்டியவை. அந்த இடம் போனால் பெண்கள் தார்ச்சாலையில்தான் கொட்ட வேண்டும். அங்கே நிலக்கரித் தூசி படிகிறது. வியாபாரி ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு விலையைக் குறைக்கிறார்.

மீனவ ஊர்கள், அவர்களின் பொதுச் சொத்துகள், மீன் உலர்த்தும் இடங்கள் எல்லாம் புல எண் தெரியும் அளவிலான வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும் என்று 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொன்னது. நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை.

3. கல். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். வாடைக் காலத்தில் மட்டும் திரும்பும். துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால் மெரினா அகலமானது, இராயபுரத்துக்கு வடக்கே கரை தேய்ந்தது. தேய்ந்த கரைக்குக் கல் கொட்டுகிறார்கள். கொட்டட்டும், வீடு தப்பும். ஆனால் கல் கொட்டுகிறவர் கையில் இருப்பதும் இதே வரைபடம்தானே? ‘காலி மணல்’ என்று இருந்தால் அவர் ஏன் வழி விடப் போகிறார்? படகு ஏற விடும் வாய் 20 மீட்டராவது இல்லையென்றால் பக்க அலை படகைத் தூக்கிக் கல்லில் சாத்தும். அடி கிழிந்தால் ஃபைபர் மேட்டும் ரெசின் பசையும் வாங்கி ஒட்டி, காயும்வரை தொழில் இல்லை. வரைபடத்தில் ஒரு கட்டம் விடுபட்டதற்கு இந்தத் தண்டமா?

4. ஆறு. கொசஸ்தலையின் தென்கரை சென்னை மாவட்டம், வடகரை திருவள்ளூர் மாவட்டம். துறைமுகங்களை விட்டால் வரைவு தென்கரையோடு நின்றுவிடுகிறது. இறாலுக்கும் மடவை மீனுக்கும் மாவட்ட எல்லை கிடையாது. இரு கரையையும், நடுவில் படகு போகும் நீரோட்டத்தையும் ஒரே தாளில் காட்டுங்கள்.

5. அளக்கும் முறை. கைபேசியில் புள்ளி எடுத்தால் 5 மீட்டர் தள்ளிப் போகும். இடத்தைத் துல்லியமாக அளக்கும் டிஜிபிஎஸ் கருவியோடு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கரைக்கும் நான்கு மூலை, தேதியுடன் படம், ‘அ’ பதிவேடு என்னும் கிராம நிலப் பதிவேட்டில் உள்ள புல எண், எல்லாம் வேண்டும். சில எண்கள் இன்று தண்ணீருக்குள் கிடக்கின்றன. அவற்றையும் அப்படியே எழுதட்டும். பங்குனியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை, அமாவாசை அல்லது பௌர்ணமி ஏற்றத்தில் அளந்தால்தான் கரையின் உண்மையான அகலம் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டு விசைப்படகுகளை எண்ணிவிட்டு எங்கள் கரைக் கணக்கும் முடிந்தது என்று எழுத வேண்டாம். ஊர்ப் பெரியவர்களும் கருவாடு போடும் பெண்களும் உடன் வருவார்கள்.

6. மீண்டும் படகுக் கரை. மற்றவற்றைத் தள்ளி வைத்தாலும் இதைத் தள்ளி வைக்காதீர்கள். கப்பல் நிற்கும் இடத்துக்குப் பெயர் உண்டு, எண் உண்டு, ஆழம் உண்டு. படகு நிற்கும் இடத்துக்கு மட்டும் ‘காலி’யா? இந்தச் சொல் ஒன்றை வைத்தே நாளை சாலையோ கிடங்கோ வரும்; அன்று நாங்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆவோம்.

எனவே, வரைவை இறுதி செய்யும் முன் 1:4,000 அளவில் ஒவ்வொரு குப்பத்தின் படகுக் கரை, வலை விரிக்கும் இடம், கருவாட்டுத் திடல் ஆகியவற்றைக் குறித்து, ‘காலி மணல்’ என்பதை நீக்கி, திருத்திய தாளைத் தமிழில் ஒவ்வொரு ஊரிலும் ஒட்டுமாறு பணிந்து வேண்டுகிறோம். அளக்க வரும் நாளை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவும். இன்னொரு ஒப்புகைச் சீட்டு வேண்டாம், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குப்பங்களின் மீனவ மக்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் இணைப்பில்)

இடம்: எண்ணூர்