சுண்டல் வண்டிக்குச் சக்கரம் உண்டு

கடலூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள ரவி,

எட்டு மாதமாகக் கடிதம் இல்லை என்று திட்டுவாய். திட்டிவிட்டு மேலே படி. முழங்கால் வலி பரவாயில்லை. சின்னவளுக்கு வரன் இன்னும் அமையவில்லை. நாம் 'தராசு' என்று பட்டப்பெயர் வைத்தவன், வாங்கிய பணத்தை வழக்கம்போலத் தரவில்லை.

சொல்ல வந்தது வேறு. ஓய்வு பெற்ற வாத்தியாருக்குக் கை சும்மா இருக்குமா? பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினத்தில் நான்கு மாதமாகக் கடற்கரையை அளந்தேன். எமரி என்பவர் 1961-இல் எழுதிய எளிய முறைதான். கோடு போட்ட ஒரே உயரக் குச்சி இரண்டு, நடுவே கயிறு. பின்னால் நிற்பவன் முன் குச்சியின் உச்சியையும் தொடுவானத்தையும் சேர்த்துப் பிடித்து, அந்தப் பார்வைக் கோடு தன் குச்சியில் எங்கே படுகிறது என்று பார்ப்பான். உச்சியிலிருந்து அதுவரை எவ்வளவோ, மணல் அவ்வளவு இறங்கியிருக்கிறது. நம் கரையில் காலையில் அளந்தால் சூரியன் நேரே கண்ணைக் குத்தும். இது எனக்கு உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று. சிரிக்காதே.

மூன்று நோட்டு நிறைந்தது. போன வாரம் வரைபடம் போட உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் முத்து முத்தான கையெழுத்தில், "தொடக்கம்: சுண்டல் வண்டி." வண்டிக்குச் சக்கரம் உண்டு என்பது பதின்மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை! அளந்தபோது கடல் ஏறியிருந்ததா, வற்றியிருந்ததா என்ற குறிப்பும் இல்லை. குட்டை வாத்தியார் இருந்திருந்தால் எனக்குத்தான் முதல் அடி.

அப்புறம்தான் கையேடுகளைத் தேடிப் படித்தேன். அமெரிக்க அரசு 2015-இல் வெளியிட்ட மக்கள் அறிவியல் (பொதுமக்களே அளந்து தரவு சேர்ப்பது) கையேட்டில் ஐந்து படிகள்: சிக்கலை வரையறு, திட்டமிடு, ஆட்களைச் சேர், தரவைப் பேணு, தொடர்ந்து திருத்து. நான் மூன்றாம் படியில் ஏறி நின்று விசில் ஊதியிருக்கிறேன். அதே ஆண்டு ஐரோப்பிய மக்கள் அறிவியல் சங்கம் பத்து நெறிகள் எழுதியது. அளந்து கொடுத்தவர்களுக்கு முடிவைச் சொல் என்பதும் அதில் ஒன்று. முடிவு இருந்தால்தானே சொல்வதற்கு?

இதற்கு வெளிநாடு போக வேண்டியதே இல்லை, ரவி. 2004-இல் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்களே, அவர்களிடம் முதலில் இருந்தது வாளி இல்லை. "இந்த நாற்றத்தில் என்ன இருக்கிறது?" என்ற கேள்வி. என்னிடம் குச்சி மட்டும் இருந்தது.

கேள்வியும் பக்கத்திலேயே உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தது. முதல் நாளே ஒரு பெரியவர் கேட்டார்: "படகு ஏற்றி வைக்கும் இடம் மழைக்காலத்தில் எவ்வளவு போகிறது, எவ்வளவு திரும்புகிறது, இதில் தெரியுமா?" நான் குச்சியைப் பற்றி விளக்கம் கொடுத்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவர் கேள்வியை வைத்தே மறுபடி தொடங்கப்போகிறேன். இடத்தை அவர்கள் காட்டட்டும், நாம் அசையாத கல் ஒன்றை நடுவோம். எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பது என்ற கணக்கு உன் தலைக்கு உரியது. புதுச்சேரியிலிருந்து பஸ் ஏற உனக்கு என்ன நோவு? ஐப்பசி பிறப்பதற்குள் வா. வரும்போது அளவு நாடா எடுத்து வா, கயிறு நனைந்து சுருங்கிவிட்டது.

உன்,
மூர்த்தி