லிஸாவெதாவும்தான் கொல்லப்பட்டாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1866-ல் வந்த ஒரு நாவலுக்கு இன்றும் முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை சொல்லும் முக்கியமான விஷயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நாவலின் நாயகனான இளைஞன் ரஸ்கோல்னிகவ் ஒரு கிழவியைக் கொல்கிறான், குற்ற உணர்வு அவனை உள்ளுக்குள் அரிக்கிறது, தாங்க முடியாமல் சரணடைகிறான், ஆகவே மனச்சாட்சிதான் அவனுக்கு உண்மையான தண்டனை என்கிறது கட்டுரை. எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். நானும் பல வருடங்கள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நாவலில் இருப்பது அது இல்லை.

பின்னுரையை மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எட்டு வருடக் கடுங்காவல் விதிக்கப்பட்டு சைபீரியாவில் கிடக்கிறான். தன்னைத் தானே கறாராக விசாரித்துப் பார்க்கிறான், அப்படிப் பார்த்தும் பயங்கரமான குற்றம் என்று எதுவும் அவனுக்குத் தென்படவில்லை, யாருக்கும் நேரக்கூடிய ஒரு சறுக்கல்தான் தெரிகிறது. நெஞ்சைச் சுடுகிற, தூக்கத்தைக் கெடுக்கிற வருத்தம் ஒன்று வந்தால்கூடத் தேவலை என்று ஏங்குகிறான், அது வரவில்லை. கடைசிவரை தாக்குப்பிடிக்காமல் போய் ஒப்புக்கொண்டேனே, அது ஒன்றுதான் நான் செய்த தப்பு என்று நினைக்கிறான். விசாரணை முடிந்து காலில் விலங்கு ஏறிய பிறகும் இதுதான் அவன் நிலைமை. குற்ற உணர்வால் சரணடைந்தவன் இப்படியா இருப்பான்?

சரி, அப்படியானால் அவனை வதைத்தது எது? கொலைக்கு மறுநாள் நெவா நதிப் பாலத்தில் நடக்கும் ஒரு சின்னச் சம்பவத்தைக் கவனியுங்கள். வண்டி வரும் வழியில் குறுக்கே போனதற்காக வண்டிக்காரன் அவன் முதுகில் சாட்டையால் வீசுகிறான். அதைப் பார்த்து இரக்கப்பட்ட ஒரு பெண்மணி, பிச்சைக்காரன் என்று நினைத்து 20 கோபெக் நாணயத்தை அவன் கையில் வைத்துவிட்டுப் போகிறாள். கொஞ்ச நேரம் அதைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டு தண்ணீரில் வீசி எறிகிறான். எல்லாரிடமிருந்தும் எல்லாவற்றிலிருந்தும் தன்னைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டதைப் போல அந்த நொடியில் அவனுக்கு இருக்கிறது. அப்புறம் அம்மாவும் தங்கையும் ஊரிலிருந்து வந்து அவனைக் கட்டிக்கொள்கிறார்கள், அவனுடைய கைகள் திரும்ப அணைப்பதற்கு எழவே மாட்டேன் என்கின்றன. மூன்று வருடம் பார்க்காத அம்மா. அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இதை நானாகக் கற்பித்துச் சொல்லவில்லை. தஸ்தயேவ்ஸ்கியே 1865-ல் பத்திரிகை ஆசிரியர் கத்கோவுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார்: குற்றம் நடந்த உடனேயே மனிதகுலத்திலிருந்து அறுபட்டுவிட்டோம் என்ற உணர்ச்சிதான் அந்த இளைஞனைப் பாடாய்ப் படுத்துகிறது, கடுங்காவலில் செத்தாலும் பரவாயில்லை, மறுபடி மனிதர்களோடு சேர வேண்டும் என்றுதான் அவன் தன்னைக் காட்டிக்கொடுக்கிறான் என்று. அவன் பெயரிலேயே 'ரஸ்கோல்' இருக்கிறது, ரஷ்ய மொழியில் பிளவு என்று அர்த்தம். செய்ததற்காக வருந்துவது வேறு, தனியாகிவிட்டோமே என்று துடிப்பது வேறு. அவனிடம் நாவல் நெடுக இருப்பது இரண்டாவதுதான்.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இன்னொன்று. முழுப் பக்கக் கட்டுரையில் லிஸாவெதாவின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. 'ஒரு கிழவியின் கொலை', 'அடகுக்காரியின் கொலை' என்றே வருகிறது. ஐயா, கொலை ஒன்றில்லை, இரண்டு.

அடகு பிடிக்கும் அல்யோனா இவானவ்னாவின் தங்கை லிஸாவெதா. முப்பத்தைந்து வயது, உயரமான, பயந்த சுபாவமுள்ள பெண். இரவு பகலாக அக்காவுக்கு உழைத்து, வெளியே சம்பாதிப்பதையும் அக்காவிடமே கொடுத்துவிட்டு, அடியும் வாங்குகிறவள். மதுக்கடையில் ஒரு மாணவன் ஓர் அதிகாரியிடம் பேசுவதை ரஸ்கோல்னிகவ் கேட்கிறான் அல்லவா, ஒரு சாவுக்குப் பதில் நூறு உயிர்கள், இது வெறும் கணக்குதானே என்று, அந்தக் கணக்குக்கு முன்பே அவன் லிஸாவெதா படும் பாட்டைச் சொல்கிறான். அக்கா எவ்வளவு கொடியவள் என்பதற்கு அவள்தான் சாட்சி. கடைசியில் அந்தக் கணக்கு அவளையும் சேர்த்தே விழுங்குகிறது. அவள் வீட்டில் இருக்க மாட்டாள் என்று நம்பித்தான் அவன் போனான். அவள் திரும்பி வந்துவிட்டாள். கிழவியை அடித்தது கோடரியின் பின்பக்கத்தால், லிஸாவெதாவை வெட்டியது கூர்முனையால். முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட அவளுக்குக் கை எழவில்லை, இடது கையை மட்டும் மெல்ல அவனை நோக்கி நீட்டுகிறாள், தள்ளிப் போ என்பது போல.

இதற்குப் பிறகு அவன் அவளை நினைக்கிறானா என்று பாருங்கள். தான் கொன்றது ஒரு பேன், யாருக்கும் பயன்படாத, கேடு செய்கிற பேன் என்று, தன் குற்றத்தை மனம் திறந்து சொல்லும் பெண்ணான சோனியாவிடம் சொல்கிறான், அப்போது அவன் பேசுவது கிழவியைப் பற்றி. சரணடையப் போவதற்குச் சற்று முன்பு தங்கை தூனியாவிடம், குற்றமா, என்ன குற்றம் என்று சீறும்போதும் பேச்சு கிழவியைப் பற்றித்தான். வாதம் செய்கிற இடத்தில் எல்லாம் லிஸாவெதா காணாமல் போய்விடுகிறாள். செய்ததை நியாயப்படுத்த நெப்போலியனை இழுக்கலாம், அசாதாரண மனிதர்களுக்கு வேறு சட்டம் என்று பத்திரிகையில் கட்டுரை எழுதலாம், ஆனால் அந்தக் கட்டுரையில் லிஸாவெதாவை எந்த வரியில் வைப்பது? அவனுக்கே ஒருமுறை இது உறைக்கிறது. பாவம் லிஸாவெதா, அவளை ஏன் நான் நினைப்பதே இல்லை, அவளைக் கொல்லவே இல்லை என்பது போல இருக்கிறேனே என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறான். கேட்டுவிட்டு அதைத் தாண்டிப் போய்விடுகிறான்.

ஆனால் உடைகிற இடத்தில் எல்லாம் அவள் வந்து நிற்கிறாள். காய்ச்சலில் கிடக்கும்போது மற்றவர்கள் கொலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், வேலைக்காரப் பெண் நஸ்தாஸியா சட்டென்று, லிஸாவெதாவையும்தான் கொன்றுவிட்டார்கள், உன் சட்டைக் கிழிசலைக்கூடத் தைத்துக் கொடுத்தாளே என்கிறாள். அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, சுவரில் ஒட்டிய காகிதத்தில் உள்ள ஒரு பூவின் இதழ்களை எண்ண ஆரம்பிக்கிறான். அவன் சட்டையின் கிழிசலைத் தைத்துக் கொடுத்தவள் அவள். குற்ற உணர்வு என்று ஏதாவது ஒன்றை அவனிடம் காட்டச் சொன்னால் நான் இந்தப் பூவைத்தான் காட்டுவேன்.

சோனியாவிடம் உண்மையைச் சொல்ல முடிவெடுக்கிறபோதும், நாளை வந்தால் லிஸாவெதாவைக் கொன்றது யார் என்று சொல்கிறேன் என்கிறான், கிழவியை என்று சொல்லவில்லை. மறுநாள் சொல்லவும் வாய் வராமல் சோனியாவையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் முகத்தில் லிஸாவெதாவின் முகம் தெரிகிறது, சோனியாவும் அதே போல இடது கையை முன்னால் நீட்டிக்கொண்டு பின்வாங்குகிறாள். அவன் எதுவும் சொல்லாமலேயே அவளுக்குப் புரிந்துவிடுகிறது. காவல் நிலையத்தில் கடைசியாக அவன் சொல்லும் வாக்கியத்திலும் கிழவியோடு லிஸாவெதாவின் பெயரும் வருகிறது.

கட்டுரை எழுதியவர் நாவலை அக்கறையோடு படித்தவர் என்பது தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 'மனச்சாட்சி' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் கொலைகாரனுடைய வேதனை மட்டுமே நமக்குப் பெரிதாகத் தெரியும், வெட்டுப்பட்டவள் மறுபடியும் மறந்து போவாள். ரஸ்கோல்னிகவ் செய்ததும் அதுதானே. அடுத்த முறை இந்த நாவலைப் பற்றி யாராவது எழுதும்போது அவளுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

கடைசிப் பக்கத்தில் ஒரு புத்தகம் வருகிறது. சிறையில் அவன் தலையணைக்கு அடியில் வைத்திருக்கும் புதிய ஏற்பாடு. முன்பு சோனியா லாசரு உயிர்த்தெழுந்த பகுதியை அவனுக்குப் படித்துக் காட்டியது அந்தப் பிரதியிலிருந்துதான். அதை யார் கொடுத்தது என்று அன்றைக்கே அவன் சோனியாவிடம் கேட்டிருந்தான். லிஸாவெதா கொண்டுவந்து கொடுத்தாள் என்று அவள் சொல்லியிருந்தாள்.

அன்புடன்,
ஒரு வாசகர்